ஆறில்லா நாடும் சிறு கைத்தொழில்களும்

யாழ்ப்பாணக் குடாநாடு நிலத்தாற் தீவன்று; நீரால் நோக்கின் தீவேயாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழை மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவாய் மிதந்து நிற்கின்றது. நாம் பருகுவதும் பயிருக்கு இறைப்பதும் தொழிலுக்குப் பயன்படுத்துவதும் இவ்வொரே நீரையாம்.

கடல்நீர் நன்னீரினும் சற்றே அடர்த்தி மிக்கது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனின், கடல்நீரினது 1.025 ஆகும். ஆதலின் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேல்மட்டம் 1 அடி தாழின், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக்கூடும். அளவின்றி இறைப்போர் தம் கிணற்றோடு அயலார் கிணற்றையும் உவராக்குவர் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது இடர் மாசாகும். மணலைப் போலச் சுண்ணக்கல் நீரை வடிகட்டுவதில்லை. வெடிப்புகளினூடு மாசு விரைந்து பரவும். மலசலகூடக் குழிகளாலும் வயலுரங்களாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளது. சுன்னாகத்து அனல்மின் நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறிப்படி, 2 கோடி ரூபா செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019 இற் பணித்தது.

அது பெருநிறுவனத்தின் செயல். நம் கழிவோ சிறிது எனச் சிறு தொழில் நடத்துவோர் கருதுதல் இயல்பு. ஆயின் சிறியன பல சேரின் பெரிதாம். வாகனங் கழுவும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கழுவிய நீரை முதலில் ஒரு தொட்டியில் தேக்கினால் மணலும் சேறும் அடியிற் படியும். அடுத்த தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கும். கீழ்நின்று செல்லும் குழாய்வழி நீர் மாத்திரம் வெளியேறும். மிதந்த எண்ணெயை வழித்தெடுத்துப் பழைய இயந்திர எண்ணெயோடு பீப்பாயிற் சேமித்து, உரிமம் பெற்ற சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பாழ்ங்கிணற்றில் ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. தெளிந்த நீரைத் தக்கவாறு சுத்திகரித்து முதற்கழுவலுக்கு மீளப் பயன்படுத்தின் இறைக்கும் செலவும் குறையும்.

ஏனைய தொழில்களுக்கும் முறை இதுவே. நாள்தோறும் இறைக்கும் நீரை மானி வைத்து அளந்து எழுதுக. கழிவு எங்கே பிறக்கின்றது, எங்கே செல்கின்றது என வரைந்து காண்க. குறைக்கத்தக்கதைக் குறைத்து, எஞ்சியதைப் பிரித்து அகற்றுக. இதற்கு வேண்டுவது பெருமுதலன்று, ஒழுங்கான கணக்கும் பொறுப்புள்ள ஒருவருமேயாம்.

சட்டமும் இதனை வற்புறுத்துகின்றது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988 இல் திருத்தப்பட்டபின், குறித்துரைத்த தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறுதலை வேண்டி நிற்கின்றது. மாசு குறைந்த சிறு தொழில்களுக்கு அதனை உள்ளூராட்சிச் சபைகளே வழங்குகின்றன. எனினும் பத்திரம் சுவரில் தொங்குவதால் மாத்திரம் நீர் தூய்மையடையாது.

வேலி நிலத்தைப் பிரிக்கும். வேலிக்குக் கீழ் ஓடும் நீரைப் பிரிக்காது. தன் முற்றத்திற் கழிவை ஊற்றுபவன் அயலான் குடத்திலும் அதனை ஊற்றியவனாகின்றான். நாளை தொழில் தொடங்கவிருக்கும் மாணவர் இதனை இன்றே உணர்வாராக.