கபிலன்: மண்ணின் நிறத்தில் ஒரு பெயர்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "என்ன குழந்தை?" இரண்டாவது கேள்வி, "கலரா இருக்கா?" இங்கே 'கலர்' என்றால் வெள்ளை ஒன்றுதான்!

ஆனால், திருப்பூரின் சாயப்பட்டறைகளில் 'கலர்' என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே வெள்ளை என்பது சாயம் ஏறாத துணி. பனியன் துணிக்குப் பழுப்பு நிறம் வேண்டுமென்றால், பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் அளந்து சேர்ப்பார்கள். ஒன்று கொஞ்சம் கூடினாலும் ஷேடு மாறிவிடும். நாம் சாதாரணமாக நினைக்கும் பழுப்புக்குள் மூன்று நிறங்கள் இருக்கின்றன.

அந்தப் பழுப்பையே பொருளாகக் கொண்ட பெயர் ஒன்று, சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அதுதான் கபிலன்.

என்ன பொருள்?

'கபில' என்ற வடசொல்லுக்குச் செம்பழுப்பு என்று பொருள். நனைந்த செம்மண், தேன், புது வெல்லம் இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நாம் 'பிரவுன்' என்று சொல்வதை இலங்கைத் தமிழர்கள் 'கபில நிறம்' என்றும் 'மண்ணிறம்' என்றும் சொல்கிறார்கள். செம்பழுப்புப் பசுவுக்குக் 'கபிலை' என்று பெயர். மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றத்தையும் 'கபிலை' என்பார்கள். அதையே 'கவலை' என்றும் சொல்வார்கள்.

நிறத்தைப் பெயராக வைப்பது கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. திருப்பூர் மாவட்டத்துக் காங்கயம் மாடுகளை மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே சொல்வார்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். மனிதர்களிலும் கருப்பராயன், கருப்பாத்தாள், செங்கோட்டையன் என்று எத்தனை பெயர்கள்! கருப்பராயன் காவல் தெய்வத்தின் பெயர். அதே பெயரைப் பேரனுக்கு வைக்க இன்று பலருக்கும் தயக்கம். பள்ளியில் கேலி செய்வார்களோ என்ற பயம்தான் காரணம்.

நட்புக்கு ஒரு பெயர்

கபிலன் என்ற பெயருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சங்கப் புலவர் கபிலர், பறம்பு மலையை ஆண்ட பாரியின் உயிர் நண்பர். பாரி இறந்த பிறகு அவருடைய பெண்களைத் தன் பொறுப்பில் ஏற்று, அவர்களுக்கு மணம் முடிக்க ஊர் ஊராக அலைந்தவர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்னவரும் அவர்தான். அந்தப் பறம்பு மலை, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலை.

நம் காலத்துக்கு வந்தால், 1983-ல் உலகக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன் கபில்தேவ். 2021-ல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில் ஆர்யா நடித்த குத்துச்சண்டை வீரனின் பெயரும் கபிலன்தான்.

பெண் குழந்தை என்றால் 'கபிலா'. காவிரியில் கலக்கும் கபினி ஆற்றின் இன்னொரு பெயர் அது.

குங்குமப்பூ வேண்டாம், பெயர் போதும்

கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. அது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அப்பா, அம்மா வழி வரும் மரபணுக்கள். குங்குமப்பூவால் அதை மாற்ற முடியாது. பிறந்த குழந்தையின் உண்மையான நிறம் தெரியவே சில மாதங்கள் ஆகும். அதற்குள் தொட்டிலைச் சுற்றி நின்று, "அப்பா மாதிரி கருப்பு" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சு குழந்தைக்குப் புரியாது. ஆனால், பெற்றவளுக்குப் புரியும். நாலு வயதில் குழந்தைக்கும் புரிய ஆரம்பிக்கும். அந்த வயதில், "உன் பெயருக்கு மண்ணின் நிறம் என்று அர்த்தம்" என்று சொல்ல ஒரு பெயர் இருந்தால் நல்லதுதானே?

பெயர் வைக்கும் முன்...

குழந்தையின் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை, தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி உண்டு. கபிலன் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரும்படி முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அப்படியே உங்கள் பாட்டி, தாத்தா பெயர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு கருப்பாத்தாளோ, செங்கோட்டையனோ உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.