எக்ஸாஸ்ட் மாற்றினால் ஆக்சிஜன் சென்சாருக்குச் சூடு எங்கிருந்து வரும்?

பெட்ரோல் காரின் ஆக்சிஜன் சென்சார், சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்பதை அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் சென்சார் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும்.

போஷ் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976இல் வால்வோ காரில் வந்தது. அப்போது ஹீட்டர் இல்லை. புகையின் சூட்டை நம்பி எஞ்சினுக்கு அருகிலேயே பொருத்தினார்கள். ஹீட்டர் வைத்த சென்சார் 1982இல் வந்தது. இந்தியாவில் ஆக்சிஜன் சென்சாருக்கே தடையாக இருந்தது பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். அது சென்சாரையும் கேடலிடிக் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு 1995இல் வந்த ஈயமற்ற பெட்ரோல், 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதற்கும் வந்தது. இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோ, மறைமலை நகர் ஐகான், திருவள்ளூர் லான்சர் ஆகியவை அந்தக் காலத்துக் கார்கள். ஹீட்டர் உண்டா என்பதைக் காட்டும் சென்சார் ஒயர் எண்ணிக்கை, மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறும். கழற்றி எண்ணிப் பார்ப்பதே சரி.

மேனிஃபோல்டை எடுத்துவிட்டு நீளக் குழாய்களுள்ள ஹெட்டர் போட்டால், குழாய்கள் சேரும் இடத்துக்குச் சென்சார் இறங்கிவிடுகிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் புகை ஆறிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் சமாளிக்கலாம். திருவண்ணாமலையில், அடி அண்ணாமலை வழியே செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நடப்பவர்களுக்கு இடையே ஊர்ந்து போகும்போது ஹீட்டர் இல்லாத சென்சார் குளிர்ந்து பேச்சை நிறுத்திவிடும். ஈசியூவும் பழைய கணக்கை வைத்து, பெரும்பாலும் தேவைக்கு மேலேயே, பெட்ரோலைக் கொட்டும். மிகுதியாகும் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிப்பவர்கள் வெறுங்காலோடு மலையைச் சுற்றுபவர்கள். இதற்காகவே ஹீட்டர் உள்ள சென்சார் அவசியம்.

போஷ் வகையில் நான்கு ஒயர்கள்: இரண்டு வெள்ளை ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் சிக்னல் எர்த்துக்கு. மற்ற நிறுவனங்களின் நிறங்கள் வேறு. பழைய ஒற்றை ஒயரின் இடத்தில் கறுப்பு சேரும். ஹீட்டர் மின்சாரத்தை, எஞ்சின் ஓடும்போது மட்டும் உயிர்பெறும் பெட்ரோல் பம்ப் ரிலேயின் உதவியோடு, தனி ரிலே, தனி ஃபியூஸ் வழியாக எடுப்பது நல்லது. நேரே பேட்டரியில் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் பேட்டரி தீரும்.

அதிகம் கெடுவது எர்த்தில்தான். ஹீட்டர் சுமார் 1 ஆம்பியர் இழுக்கிறது. துருப்பிடித்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.1 வோல்ட் பிசகு உண்டாகும், 0.1க்கும் 0.9க்கும் நடுவே அளக்கும் சென்சாருக்கு அது பெரிய பொய். ஆகவே ஹீட்டரின் எர்த்தைப் பாடியிலும், சாம்பல் ஒயரை ஈசியூவின் சென்சார் எர்த்திலும் தனித்தனியே சேர்க்க வேண்டும். சென்சார் ஒயர்களில் சால்டரிங் கூடாது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடைவெளி வழியாகவே இழுக்கின்றன. கிரிம்ப் செய்வதே முறை.

சென்சாரை கேடலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிப் பொருத்த வேண்டும். குழாயில் தேங்கும் நீர் பட்டால் சூடான பீங்கான் விரிசல்விடும். கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுவதை மோட்டார் வாகனச் சட்டம் ஏற்காது.

சோதிக்க, குளிர்ந்த நிலையில் இரு வெள்ளை ஒயர்களுக்கிடையே மல்டிமீட்டர் சில ஓம்களைக் காட்ட வேண்டும். எஞ்சின் சூடேறியபின் சிக்னல் மேலும் கீழும் ஓயாமல் ஆட வேண்டும். காற்று மிகுதி என்றே விடாமல் காட்டினால், ஒயரிங்கைப் பிரிப்பதற்கு முன் சென்சாருக்கு முந்தைய கேஸ்கெட்டையும் வெல்டிங்கையும் பார்க்க வேண்டும். அங்கே கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஈசியூவை வீணாகப் பெட்ரோல் கூட்ட வைக்கும்.