பாதியில் நின்ற "அப்டேட்"! பைலைப் பூட்டிக் கப்பம் கேட்ட வைரஸ்!

வில்லியனூருக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 1998-லேயே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு தகவல் மையம் வைத்து, சுற்றுக் கிராமங்களுக்கு வயர்லெஸ்சில் செய்தி அனுப்பியது. கரண்டை நம்ப முடியாது என்று அப்போதே சூரிய ஒளி மின்சாரமும் வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்கள் அலை எவ்வளவு உயரம் என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போனார்கள்.

இப்போது வில்லியனூர், பாகூர் பக்கம் வீட்டிலேயே கம்ப்யூட்டர். கூடவே தலைவலியும்! "அப்டேட்" இறங்கும்போது கரண்டு போனால் பைல் அரைகுறை. இன்ஸ்டால் பண்ணினால் "எர்ரர்" என்று முறைக்கும். பெட்டியைத் தட்டிப் பயனில்லை. அரைகுறைப் பைலை அழித்து, 'சி' டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்தே மறுபடி இறக்க வேண்டும். ஓசி பைல் கூடவே கூடாது.

"இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று அப்டேட்டை நிறுத்தி வைக்கிறவர்களும் உண்டு. அங்கேதான் ஆபத்து! 2017 மார்ச் 14-ந்தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி, விண்டோசில் இருந்த ஓட்டையை அடைக்கும் பைலை வெளியிட்டது. பலர் போடவில்லை. மே 12-ந்தேதி கிளம்பியது "வானாகிரை" வைரஸ். பைல்களைப் பூட்டிக்கொண்டு 300 டாலர் கப்பம் கேட்டது. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களே தள்ளிப் போயின.

அதற்காக அப்டேட் எல்லாம் உத்தமமும் இல்லை. 2024 ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறு பைலால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நின்றது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே நீட்டிப்பு. பழைய பெட்டிக்காரர்கள் வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட்டை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பது நல்லது.