ஒரே இடுப்பு, மூன்று விதப் படங்கள்

இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்தவரா நீங்கள்? படங்களைப் புரட்டினால், ஒன்றில் வெள்ளையாகத் தெரிந்தது இன்னொன்றில் கறுத்திருக்கும். இயந்திரக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஒரே இடத்திடம் வெவ்வேறு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள்.

எம்ஆர்ஐ தேடுவது நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அதற்குள் ரேடியோ அலையால் சாய்க்கப்படும் ஹைட்ரஜன், கொழுப்பில் விரைவாகவும் நீரில் மெதுவாகவும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த வேறுபாடே படமாகிறது.

டி1 படத்தில் கொழுப்பு வெள்ளை, நீர் கறுப்பு. பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். அதனால் அங்கே புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் கருந்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். டி2 படத்தில் நீர் பளிச்சிடும். ஈரப்பசையுள்ள ஜவ்வு வெளுத்தும், வற்றிய ஜவ்வு கறுத்தும் தெரியும். நரம்பு நெருக்கப்படுகிறதா என்பதற்கும் இதுதான் முதல் சாட்சி.

ஆனால் இன்றைய வேகமான டி2 முறையில் கொழுப்பும் வெளுத்தே தெரியும். பாட்டி வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. இது நேற்றைய முறிவா, பத்தாண்டுப் பழையதா? புதிய முறிவின் நீர்க்கோவை டி2 படத்தின் கொழுப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடலாம். இங்கேதான் 'ஸ்டிர்' முறை கைகொடுக்கிறது. கொழுப்பின் சமிக்ஞை சுழியாகும் நொடியைப் பிடித்து அது அளப்பதால் கொழுப்பு இருண்டுபோகும், நீர்க்கோவை மட்டும் ஒளிரும். சிகிச்சையே இதனால் மாறலாம்.

ஸ்டிர் படம் சற்றே புள்ளி புள்ளியாக இருக்கும். புதிய டிக்சன் முறை நீரையும் கொழுப்பையும் ஒரே பதிவிலிருந்து தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது, நேரம் மிச்சம். எனினும் முதுகில் உலோகத் திருகு உள்ளவர்களுக்கு ஸ்டிர்தான் நம்பகமானது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலி திரும்பினால் கடோலினியம் மருந்து ஏற்றிப் பார்ப்பதுண்டு: தழும்பு ஒளிரும், பிதுங்கிய ஜவ்வு உடனே ஒளிராது.

அறிக்கையில் 'ஜவ்வு பிதுக்கம்' என்றிருந்தால் உடனே கலங்காதீர்கள். 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரில் பாதிப் பேருக்கு ஏதாவதொரு ஜவ்வு புடைத்திருந்தது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும் தொடையிடுக்கு மரத்துப்போவதும் வேறு கதை. அப்போது ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.