மேட்டை அளந்தால் போதாது

ராணிப்பேட்டை சிப்காட்டில் கிடக்கும் குரோமியக் கழிவுமேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதன் எடையைத்தான்: இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். சோடியம் டைகுரோமேட் தயாரித்த ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. கழிவு திறந்தவெளியிலேயே தங்கிவிட்டது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. எடை மலைக்கவைக்கும் எண்தான், தலைப்புச் செய்திக்கும் உதவும். ஆனால் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு என்ன ஆபத்து என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குரோமியம் எந்த வடிவில் இருக்கிறது, நிலத்தடியில் எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்காத ஆய்வு, எத்தனை பக்க அறிக்கையாக வந்தாலும், பாதி வேலைதான்.

முதலில் வடிவம். பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். சாதாரணத் தண்ணீரில் அது ஹைட்ராக்சைடாகப் படிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தூரம் போகாது. குரோமேட் ஆலையில் நடப்பது நேர்மாறு. குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடும் சுண்ணாம்போடும் சேர்த்து 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வறுத்து, மூன்றாக இருப்பதை வேண்டுமென்றே ஆறு இணைதிறனுக்கு மாற்றி, தண்ணீர்விட்டுக் கரைத்தெடுக்கிறார்கள். முழுவதும் கரைந்துவிடாது. சக்கையில் தங்குவதை ஒவ்வொரு மழையும், பில்டரில் அடுத்த டிக்காஷன் இறக்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருக்கும், பல பத்தாண்டுகளுக்கு. ஆறு இணைதிறன் குரோமியம் எதிர்மின்னேற்றம் கொண்ட அயனியாகக் கரைகிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பிலும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றமே இருப்பதால் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. புற்றுநோய் உண்டாக்குவதும் இந்த வடிவம்தான். ஆகவே ‘மண்ணில் மொத்தக் குரோமியம் இவ்வளவு’ என்ற ஒற்றை அளவு, அசையாத குரோமியத்தையும் ஓடுகிற குரோமியத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. மாதிரி எடுக்கும் பாட்டிலில்கூடத் தவறு நேரலாம். மொத்த உலோகத்தை அளக்க மாதிரியில் நைட்ரிக் அமிலம் ஊற்றுவது வழக்கம். ஆறு இணைதிறன் குரோமியத்தை அளக்க வேண்டிய மாதிரியில் அதே அமிலத்தை ஊற்றினால் ஆறு மூன்றாக மாறிவிடக்கூடும். தேடிப்போன நஞ்சு ஆய்வகம் சேருவதற்குள் காணாமல் போகும்.

அடுத்தது வழி. ராணிப்பேட்டைக்கு அடியில் இருப்பது கிரானைட், நைஸ் வகைக் கடினப்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, கீழே வெடிப்புகள். மணற்பாங்கான நிலத்தில் மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டாலே நீர் ஓடும் திசை ஏறத்தாழத் தெரிந்துவிடும். இங்கே தண்ணீர் வெடிப்பின் போக்கில் திரும்பும். மேட்டை ஒட்டிய கிணறு நல்ல தண்ணீர் தருவதும், தள்ளியிருக்கும் ஆழ்துளைக் கிணறு மஞ்சளாக இறைப்பதும் சாத்தியம். விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்துவந்தால் போதும் என்று நினைப்பது வசதியான பழக்கம். அந்தக் கிணறு பல வெடிப்புகளின் நீரைக் கலந்து தருகிறது. ஒரு வெடிப்பில் வரும் நஞ்சு மற்றவற்றின் நல்ல நீரில் நீர்த்துத் தெரியும். ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாக அடைத்த கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும், மழைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாசை நீர்க்கவும் செய்யும், நீர்மட்டத்தை உயர்த்திக் கழிவின் அடிப்பகுதியை நனைத்துப் புதிதாகக் கரைக்கவும் செய்யும். நிறத்தையும் நம்ப முடியாது: இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் அனுமதிக்கும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைப் பல மடங்கு தாண்டிய பிறகுதான் மஞ்சள் கண்ணுக்குத் தெரியும்.

‘மாசு இருப்பது ஊருக்கே தெரியும், இன்னும் என்ன ஆய்வு? இது காலம் கடத்தும் தந்திரம்’ என்று ஒரு மறுப்பு உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது. மழைநீர் இறங்காமல் மேட்டை மூடுவதற்கும், சுற்றுவட்டார மக்களுக்கு மாற்றுக் குடிநீர் தருவதற்கும் எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வைக் காரணம் காட்டி இவற்றைத் தள்ளிப்போடுவது குற்றம் என்றே சொல்வேன். ஆனால் மேட்டை அள்ளிவிட்டால் தீர்ந்தது என்பது வேறு வாதம். வெடிப்புகளில் ஏற்கெனவே இறங்கியதை எந்தப் பொக்லைனும் அள்ளாது. இன்னொரு மறுப்பு: சுற்றிலும் தோல் ஆலைகள் இருக்கையில் இது யார் குரோமியம் என்று எப்படிச் சொல்வது? 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டிய பின் இந்தக் கேள்விக்குப் பண மதிப்பும் வந்துவிட்டது. விடை நீரிலேயே இருக்கிறது. தோல் ஆலைக் கழிவில் உப்பு மிகுதி, குரோமியம் மூன்று. குரோமேட் சக்கையிலிருந்து கசிவது கடுங்காரம், குரோமியம் ஆறு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு மூன்றில் கொஞ்சத்தை ஆறாக மாற்றக்கூடும் என்பதால் ஒரே அடையாளத்தை நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘இரும்பு சல்பேட் கலந்தால் ஆறு மூன்றாகிவிடுமே’ என்பவர்கள் சொல்லும் வேதியியல் சரி, இடம்தான் இடிக்கிறது. சக்கையின் காரத்தன்மையில் இரும்பு, குரோமியத்தைச் சந்திக்கும் முன்பே படிந்து வீணாகலாம். சல்பேட்டோ அங்குள்ள கால்சியம், அலுமினியச் சேர்மங்களோடு கூடி எட்ரிங்கைட் என்ற படிகமாகி நிலத்தையே உப்பவைக்கும். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பதும் எளிதில் ஏமாற்றும். மோட்டார் ஓடும்வரை அளவு இறங்கும். நிறுத்தியதும், சிதைந்த பாறையின் நுண்துளைகளில் ஊறிக்கிடந்த குரோமியம் மெல்ல வெடிப்புகளுக்குத் திரும்பி அளவை மறுபடி ஏற்றிவிடும். அதனால் சுத்திகரிப்பு முடிந்ததாக அறிவிக்கும் நாளில் எடுத்த மாதிரியை மட்டும் ஏற்கக் கூடாது. இறைப்பதை நிறுத்திய பிறகு சில பருவமழைகள் தாண்டியும் அதே குழாய்களில், அதே ஆழங்களில், ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாக அளந்து வெளியிடும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.