உப்பைத் தேடும் நாக்கு

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடி, தெற்கே ஆறுமுகநேரி. இரு பக்கமும் உப்பளங்கள். திருநெல்வேலிச் சீமையில் உப்புக்குப் பஞ்சமில்லை. குழம்பில் ஒரு கல் கூடினாலும் முகம் சுளிக்கிறோம். அப்படியிருக்க, வீட்டில் ஒருவர் வெறும் உப்பை அள்ளித் தின்றால் என்ன செய்வீர்கள்? கெட்ட பழக்கம் என்று அதட்டத்தானே செய்வீர்கள்? சற்றுப் பொறுங்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறு சுரப்பி உண்டு. அதுவே அட்ரினல். அது சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், உப்பிலுள்ள சோடியம் சிறுநீரில் வீணாகாமல் காக்கிறது. கார்ட்டிசால் என்னும் மற்றொன்று, நோய்நொடியில் உடலைத் தாங்குகிறது. சுரப்பி பழுதுபட்டால் சோடியம் கழிந்துகொண்டே இருக்கும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் இந்நோயை விவரித்தார். நம் நாட்டில் காசநோயாலும் இது வருகிறது.

ஆனால் நோயாளி சொல்வது பெரும்பாலும் வயிற்றைப் பற்றித்தான்: பசியின்மை, குமட்டல், வாந்தி. இரைப்பையிலுள்ள ஹைடிரோகுளோரிக் அமிலத்துக்கு வேண்டிய குளோரைடும் நாம் உண்ணும் உப்பிலிருந்து வருவதே. இந்நோயில் அந்த அமிலச் சுரப்பு குறைவதும் உண்டு. வயிற்றுக் கோளாறு என்றே நாள் கடத்திவிடுவோர் பலர்.

1936-இல் அமெரிக்காவில் கர்ட் ரிக்டர், அட்ரினலை நீக்கிய எலிகளுக்கு உப்புநீரை வைத்தார். அவை அதை நிறையக் குடித்துப் பிழைத்துக்கொண்டன. 1940-இல் அவரும் வில்கின்ஸும் எழுதிய குறிப்பு நெஞ்சை உருக்குவது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன்; பேசத் தொடங்கிய நாளிலேயே உப்புக் கேட்டவன். மருத்துவமனையில் வழக்கமான உணவு மட்டும் தந்தார்கள். ஏழு நாளில் இறந்தான். அட்ரினல் கெட்டிருந்தது பின்னர்தான் தெரிந்தது. வீட்டில் உப்பைத் தின்றே அவன் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறான்!

1963-இல் ராபர்ட் ஹென்கின் குழுவினர் நாக்கையே சோதித்தனர். மற்றவர்கள் உணரும் அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு உப்பு கரைந்திருந்தாலும், இந்நோயாளிகள் அது வெறும் தண்ணீர் அல்ல என்று கண்டுகொண்டனர். இரத்தத்தில் சோடியத்தைச் சரிசெய்தும் இந்தக் கூர்மை மாறவில்லை. கார்ட்டிசால் வகை மருந்து கொடுத்த பிறகே நாக்கு இயல்புக்கு வந்தது. ஆக, கூர்மைக்குக் காரணம் சோடியக் குறைவு அன்று, ஹார்மோன் குறைவே என்று அவர்கள் கருதினர்.

உப்பாசை மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம். தீராத களைப்பு, மெலிவு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு ஆகியவையும் சேர்ந்தால் கவனியுங்கள். வெயிலில் கறுப்பது நம் ஊரில் சாதாரணம். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்தால் அது வேறு. மருத்துவரிடம் போகும்போது உப்பாசையையும் மறவாமல் சொல்லுங்கள். காலையில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். குறையை ஈடுசெய்ய மாத்திரை உண்டு. அதைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.