நான்கு சக்கரப் பாதைகள் – 7: முதலில் கால் நனையட்டும்

சென்ற வாரம் மணலோடு மல்லுக்கு நின்றோம். இந்த வாரம் சேறும் தண்ணீரும்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், குயின்ஸ்லாந்தின் கேப் யார்க் தீபகற்பத்தில், 1880-களில் தந்திக் கம்பி இழுக்கக் காட்டை வெட்டிப் போட்ட தடம் ஒன்று உண்டு. தந்தியின் காலம் முடிந்துவிட்டது. தடத்தை மட்டும் வண்டிக்காரர்கள் கைவிடவில்லை. ஓல்ட் டெலிகிராஃப் டிராக் என்ற அந்தப் பாதை, பிராம்வெல் ஜங்ஷனில் தொடங்கி ஜார்டின் ஆறு வரை ஓடை ஓடையாகத் தாண்டிப் போகிறது. சைப்ரஸ் ஓடையில் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். மற்ற பெரிய ஓடைகளில் இறங்கித்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாது; மே முதல் அக்டோபர் வரைதான் கூட்டம்.

தடத்தில் நுழைந்த சற்று நேரத்திலேயே பாம் ஓடை வந்துவிடும். கரை செங்குத்து, களிமண் வழுக்கும். பழகியவர்கள் அங்கே முதலில் செய்வது எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடப்பதுதான். கையில் ஒரு நீளக் கம்பு. ஆழம் எவ்வளவு, அடியில் பாறையா மணலா உளையா, முந்தைய வண்டிகள் தோண்டிய குழி எங்கே என்று குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். எதிர்க்கரையில் ஏறும் இடத்தை அதைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள். இறங்குவதற்குப் புவியீர்ப்பு உதவும், ஏறுவதற்கு உதவாது. புதிதாக வண்டி எடுத்தவர் கற்க வேண்டிய வேலையில் பெரும்பகுதி இந்த நடையிலேயே இருக்கிறது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் மட்டும் காலை வைக்கக் கூடாது. அங்கே வேறொரு வண்டி கடப்பதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும், இல்லையேல் திரும்பிவிட வேண்டும்.

நடக்கும்போதே தண்ணீர் தொடையில் எங்கே ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, வண்டியின் கையேட்டைப் பார்க்கலாம். மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., ஃபோர்டு ரேஞ்சருக்கு 800, ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதிய டிஃபெண்டருக்கு 900 என நிறுவனங்கள் எல்லை சொல்லியிருக்கின்றன. அந்த எல்லைக்குக் காரணம் உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும் வாயில் தண்ணீர் புகுந்தால் அது சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும். அதனால்தான் ஓடை நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்நார்கல் காற்று வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவே. வண்டி மிதப்பதை அது தடுக்காது.

மிதப்பதைப் பலர் நம்புவதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உண்மையான வண்டிகளையே தண்ணீரில் நிறுத்திச் சோதித்தார்கள். சுமார் ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், வெறும் 15 செ.மீ. ஆழத்தில், மனிதன் மெல்ல நடக்கும் வேகத்தில் ஓடிய நீரில் நகர்ந்தது. இரண்டரை டன் நிஸான் பேட்ரோல் 45 செ.மீ.யில் நிலை தடுமாறியது, 95 செ.மீ.யில் முழுதாக மிதந்தது. தேங்கி நிற்கும் நீரும் ஓடும் நீரும் ஒன்றல்ல. வெள்ளம் வந்தால் மறந்துவிடு என்று குயின்ஸ்லாந்து அரசு திரும்பத் திரும்பப் பிரசாரம் செய்வது இதனால்தான்.

சரி, ஆழம் ஒத்துவந்தது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே அழுத்தம் குறைந்து, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே வண்டியைச் சற்று ஆறவிட வேண்டும். முன்பக்கம் தார்ப்பாய் கட்டுவது நல்லது. கரையிலேயே லோ ரேஞ்சில் இரண்டாவது கியர். நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது. வேகமான நடையளவே போதும். அந்த வேகத்தில் வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும், அதன் பின்னே எஞ்சின் பகுதியில் நீர்மட்டம் தாழும். வேகம் கூடினால் தண்ணீர் பானெட் மேல் ஏறும், குறைந்தால் அலை கலைந்து திரும்பும். கண்ணாடிகள் இறங்கியே இருக்கட்டும்.

சேற்றின் கணக்கு வேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்பி இறங்குகிறவர்களைத்தான் சேறு பிடிக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்தையே சுழலவிடும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வீணாகச் சுற்ற, மற்ற இரண்டும் சும்மா நிற்கும். டிஃப் லாக் இருந்தால் சேற்றில் இறங்குமுன்பே போட்டுவிட வேண்டும். டயர் காற்றைக் குறைத்தால் தரையில் படியும் பரப்பு கூடும். ஆக்சிலரேட்டரில் ஒரே சீரான அழுத்தம், கட்டைவிரல்கள் ஸ்டீயரிங்குக்கு வெளியே. தடப்பள்ளத்தில் சக்கரம் இடறினால் ஸ்டீயரிங் திருகி விரலை முறித்துவிடும். முன்னேற்றம் நின்றதும் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வர வேண்டும். அழுத்த அழுத்த வண்டி தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.

சிக்கிய வண்டியை இழுக்க, டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோபாலில் மட்டும் கயிற்றை மாட்டவே கூடாது. இழுவிசையில் டோபால் உடைந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இழுப்பதற்கென்றே சேஸியில் பொருத்திய கொக்கிகள் வேண்டும்; சுற்றி நிற்பவர்கள் நன்றாக விலக வேண்டும்.

மீண்டும் தந்தித் தடத்துக்கு வருவோம். அங்குள்ள கன்ஷாட் ஓடையின் கரை ஏறக்குறையச் சுவர்போல இறங்குகிறது, கீழே சேறு காத்திருக்கிறது. அங்கே புதியவர்களுக்குச் சுற்றுவழி இருக்கிறது, அதில் போவதில் குறைவொன்றும் இல்லை. வடக்கே நோலன்ஸ் ஓடையில் அடிமணல் இளகல். அங்கே மூழ்கிய வண்டிகள் ஏராளம். அதைத் தாண்டியவர்கள் கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்து உலர்த்துகிறார்கள், மாலையில் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சோதிக்கிறார்கள். எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். ஜார்டின் ஆறு முதலைகள் வாழும் பெரிய ஆறு. அதைக் கடக்கப் புறவழியில் உள்ள ஃபெர்ரியில் கட்டணம் கட்டி வண்டியை ஏற்றுகிறார்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: வின்ச்சும் கயிறும்)